இடப்பக்கம் அரை அங்குலம்

ஓடுகிற பேருந்தின் படியில் நிற்கும் பெண்ணைப் பார்த்தே அவளுடைய தோளகலம், மார்பளவு, கை நீளம் மூன்றையும் சொல்லிவிடக்கூடிய தையல்காரி இந்த உலகத்திலேயே ஒருத்திதான். சரி, ஓடுகிற பேருந்து இல்லை, நின்ற பேருந்து. கை நீளத்தில் கால் அங்குலம் முன்னே பின்னே இருக்கும். உலகம் என்று சொன்னதையும் கொஞ்சம் பிரித்துச் சுருக்கி, பேருந்துப் பணிமனைக்கு எதிர்த் தெரு என்று வைத்துக்கொள்ளலாம். இனிமேல் சொல்வதில் இப்படிச் சுருக்க வேண்டியது அதிகம் இல்லை.

அவளை எல்லோரும் டேப்பக்கா என்றார்கள். குளிக்கும் நேரம் தவிர அவள் கழுத்தைவிட்டு அளவு டேப் இறங்கியதில்லை. மாடிப்படிக்குக் கீழே எட்டடிக்கு ஆறடி ஓர் அறை. உள்ளே ஒரு தையல் மெஷின், ஓர் ஆளுயரக் கண்ணாடி, இஸ்திரி மேசை, மேசைக்குப் பின்னால் அவள் வீட்டுக்காரர். காஜா எடுப்பது, பொத்தான் கட்டுவது, இஸ்திரி போடுவது மூன்றும் அவர் பொறுப்பு. படியில் யாராவது ஏறி இறங்கினால் அவர் தலைக்கு மேல் சுண்ணாம்பு உதிரும். "தலை நரைச்சிருச்சா, சுண்ணாம்பான்னு நீயே தட்டிப் பாத்துச் சொல்லு" என்பார். அவள் தட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டும்தான்" என்பாள்.

டேப்பக்காவின் பெயர் பரவியது நேராகத் தைத்ததால் அல்ல, கோணலை மறைத்ததால். பணிமனை அலுவலகத்தில் தட்டச்சு செய்தவளுக்கு ஒரு தோள் இறங்கியிருக்கும்; டேப்பக்கா தைத்த சட்டையில் இறங்காது. கூன் விழுந்தவள் அவள் தைத்ததைப் போட்டால் ஏதோ யோசித்துக்கொண்டு நடப்பவள் மாதிரி இருப்பாள், அவ்வளவுதான். "உடம்பத் தைச்சவன்கிட்ட அளவு நோட்டு கிடையாது. அவன் விட்டத நான் திருத்தறேன்" என்று பெருமையடித்துக்கொள்வாள். அளவு நோட்டு அவளிடம் இருந்தது. வருடத்துக்கு ஒன்று, மொத்தம் இருபத்தேழு.

அந்த நோட்டுகளில் பதினாறில் கண்டக்டரம்மா இருந்தாள். பணிமனையில் ஒவ்வோர் ஆண்டும் ஒரே மாதத்தில் சீருடைத் துணி கொடுப்பார்கள். வாங்கிய கையோடு சாலையைக் கடந்து, டிக்கெட் பையைக்கூடக் கழற்றாமல் வந்து நிற்பாள். "சீக்கிரம் எடுங்கக்கா, வண்டி நிக்குது. டிரைவர் ஹாரன் அடிச்சே என்னைக் கொன்னுருவாரு." வாயாடி. சில்லறை இல்லை என்று சொன்ன பயணியை, அவனாகவே பையைத் துழாவி எடுத்துக் கொடுக்கும்வரை பேச்சிலேயே உட்கார வைத்துவிடுவாள்.

ஒரு வருடம் அவளுக்கு அளவெடுத்தபோது டேப் ஓரிடத்தில் தயங்கியது. மார்பில் வலப்பக்கத்துக்கும் இடப்பக்கத்துக்கும் கால் அங்குலம் வித்தியாசம். விரல் பட்ட இடம் கெட்டியாக இருந்தது. டேப்பக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"பை வாருக்கா" என்றாள் கண்டக்டரம்மா. "வலது தோள்ல மாட்டினா இந்தப் பக்கந்தானே அழுத்துது. கையில காய்ப்பு விழலையா, அது மாதிரி."

டேப்பக்காவின் ஆள்காட்டி விரலிலும் கத்தரிக்கோல் காய்ப்பு இருந்தது. காரணம் பொருந்தியது. நோட்டில் 'இடம் + கால்' என்று எழுதினாள். அடுத்த ஆண்டு 'இடம் + அரை'. வார் படும் இடத்தில் உள்ளே மெத்தென்று ஒரு துணி மடிப்பும் வைத்துத் தைத்தாள், அழுத்தாமல் இருக்கட்டும் என்று. மூன்றாம் ஆண்டு ஒன்றேகால் அங்குலம். அதற்கு நேர்த் தையல் போதாது. அக்குளுக்கடியில் துணியை மடித்துத் தைத்த, கண்ணுக்குத் தெரியாத ஒரு பிடிப்பு, வலப்பக்கம் அதற்கு ஈடாக ஒரு கான்வாஸ் துண்டு. கண்டக்டரம்மா கண்ணாடி முன் நின்றபோது, ரசமட்டம் வைத்துப் பார்த்தாலும் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

"உன் கைக்குத் தங்க வளையல் போடணும்" என்றார் வீட்டுக்காரர்.

"போடுங்களேன்."

"போடணும்னுதானே சொன்னேன்."

மூவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நினைத்து டேப்பக்கா பிறகு பல நாள் சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறாள்.

அதே ஆண்டில்தான் ஊர் அரசு மருத்துவமனையின் பின்பக்கம், பழைய படுக்கைகளைப் போட்டுவைத்திருந்த அறையைக் காலிசெய்து வெள்ளையடித்து, ஐந்து சாய்வு நாற்காலிகள் போட்டார்கள். புற்றுநோய் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் அறை. அதுவரை இந்த நோய் வந்தவர்கள் பதினோரு மணி நேரம் பேருந்தில் உட்கார்ந்து நகரத்துக்குப் போகவேண்டும். போனவர்களில் பாதிப்பேர் இரண்டாவது தடவை போனதில்லை. இப்போது நகரத்தில் ஆறு மாதம் பயிற்சி எடுத்த நர்ஸ் ஒருத்தி வந்திருந்தாள். வாரத்தில் ஒருநாள் டாக்டரும் வந்தார்.

அந்த நர்ஸ் ஒரு மதியம் கடைக்கு வந்தாள். பரிசோதனைக்கு வரும் பெண்களுக்கு முன்பக்கம் திறந்து கட்டுகிற அங்கி இருபது வேண்டும் என்றாள். டேப்பக்கா குறித்துக்கொள்ள நோட்டை எடுத்தாள். நோட்டு தானாகக் கண்டக்டரம்மா பக்கத்தில் விரிந்தது, அடிக்கடி புரட்டிய பக்கம் என்பதால்.

நர்ஸ் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து தலைகீழாகவே படித்தாள். "இது என்னங்க, இடம் கூட்டல் ஒன்னேகால்?"

டேப்பக்காவுக்குக் கேட்க ஆளில்லாமல் இருந்த கதை. "அதுவா சிஸ்டர்! அதுதான் என் கைத்திறமை. மூணு வருஷமா ஒரு பக்கம் ஏறிக்கிட்டே போகுது. கால், அரை, ஒன்னேகால். இந்தத் தெருவுல ஒருத்தர் கண்டுபிடிக்கட்டும் பாப்போம். அவளுக்கே தெரியாது!"

நர்ஸ் கையிலிருந்த டீ கிளாஸை மெஷின் மேல் வைத்தாள். வைத்த கை அங்கேயே நின்றது.

"கெட்டியா இருந்துச்சா?"

"இருந்துச்சு. பை வார் அழுத்திக் காய்ச்சிருக்கு."

"வலி?"

"அதெல்லாம் ஒன்னுமில்லன்னுதான் சொன்னா."

"யாரு இவங்க?"

டேப்பக்கா நோட்டை மூடினாள்.

நர்ஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பார்க்காம நான் எதுவும் சொல்லக் கூடாது. ஆனா காய்ப்பு வருஷா வருஷம் இப்படி வளராதுங்க. நாங்க ஊர் ஊரா மைக் வெச்சு, 'ஒரு பக்கம் மாறுதா பாருங்க'ன்னு கத்திக்கிட்டு இருக்கோம். நீங்க மூணு வருஷமா இஞ்ச் கணக்குல எழுதி வெச்சிருக்கீங்க."

திட்டவில்லை. திட்டியிருந்தால் டேப்பக்கா பதிலுக்குத் திட்டியிருப்பாள். வீட்டுக்காரர் இஸ்திரிப் பெட்டியைச் சட்டை மேல் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். தீய்ந்த வாடை வந்த பிறகுதான் எடுத்தார். முதுகில் பழுப்பு முக்கோணம் விழுந்த அந்தச் சட்டையை மடித்து மேசைக்கடியில் வைத்தார்.

மறுநாள் டேப்பக்கா கண்டக்டரம்மாவின் பேருந்தில் ஏறினாள். எதிரிலேயே பணிமனை இருந்தும் அவள் பேருந்தில் ஏறிப் பல வருடம் ஆகியிருந்தது.

"அதிசயமா இருக்கே! எங்கக்கா போறீங்க?"

"கடைசி வரைக்கும்."

"கடைசியில சுடுகாடும் செங்கல் சூளையும்தான் இருக்கு. எது வேணும்?"

பேருந்தே சிரித்தது. டேப்பக்காவின் முகம் மட்டும் சிரிக்கவில்லை. கண்டக்டரம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னும் பின்னும் போகும்போதெல்லாம் அவள் கண் அந்தச் சட்டையிலேயே நின்றது. ஒரு சுருக்கம் இல்லை, ஓர் இழுப்பு இல்லை. தான் தைத்ததிலேயே சிறந்த சட்டை அதுதான் என்று தோன்றியபோது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள். டிரைவர் முகம் கழுவப் போனார். டேப்பக்கா சொன்னாள். நோட்டைச் சொன்னாள், நர்ஸைச் சொன்னாள், ஐந்து நாற்காலியைச் சொன்னாள். கண்டக்டரம்மா தண்ணீர் பாட்டிலைத் திறந்து, குடிக்காமலே மூடினாள்.

"நீங்க துணியப் பாருங்கக்கா. உடம்ப நான் பாத்துக்கறேன்."

"ஒரு தடவ வந்து காட்டிட்டா போதும். நானும் கூட வர்றேன்."

"திரும்பிப் போறதுக்கு டிக்கெட் எடுங்க. செக்கிங் வருவாங்க."

அவ்வளவுதான். அன்று மட்டுமல்ல, அடுத்த மூன்று வாரமும் அவ்வளவுதான். கடைக்கு எதிரே பேருந்து நின்றால் கண்டக்டரம்மா மறுபக்கம் பார்த்துக்கொள்வாள். நர்ஸ் கேட்கும்போதெல்லாம் டேப்பக்கா தலையாட்டுவாள், இல்லை என்று. வளர்வது நின்றுகொண்டு காத்திருக்காது என்று நர்ஸ் ஒருமுறை சொன்னாள். அதற்குப் பிறகு டேப்பக்காவுக்கு மெஷின் ஓடும் சத்தத்தில்கூட அதுதான் கேட்டது.

சீருடைத் துணி வந்தது. வேறு தையல்கடைக்குப் போவாள் என்று டேப்பக்கா நினைத்தாள். போகவில்லை, பழக்கம் இழுத்து வந்தது. "அளவு எடுக்க வேண்டாம், போன வருஷத்ததே தைங்க" என்று துணியை வைத்துவிட்டு ஓடினாள். திங்கட்கிழமை மேலதிகாரி சீருடை பார்வையிட வருகிறார், சனிக்கிழமைக்குள் வேண்டும்.

டேப்பக்கா போன வருஷ நோட்டை எடுக்கவில்லை. கூட்டல் குறியே இல்லாத பழைய நோட்டை எடுத்தாள். இரண்டு பக்கமும் ஒரே அளவாக வெட்டினாள். பிடிப்பு இல்லை, மெத்து இல்லை, கான்வாஸ் இல்லை. வீட்டுக்காரர் காஜா எடுக்கும்போது துணியைத் தூக்கிப் பார்த்தார். "இது அந்தப் பொண்ணுக்குச் சேராதே."

"சேராது."

அவர் காஜாவை வழக்கத்தைவிட நெருக்கமாக எடுத்தார்.

சனிக்கிழமை கண்டக்டரம்மா திரைக்குப் பின்னால் போய்ப் போட்டாள். மேல் பொத்தான் மாட்டியது, கீழ்ப் பொத்தான்கள் மாட்டின. மூன்றாவது பொத்தான் காஜாவை எட்டவில்லை. இழுத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தாள். வெளியே வந்து கண்ணாடி முன் நின்றபோது, மூன்று வருடமாக யாருக்கும் தெரியாமல் இருந்தது துணி முழுக்க இடப்பக்கமாக வரி வரியாக ஓடியது.

"தப்பாத் தைச்சிட்டீங்கக்கா."

"இல்லம்மா. மூணு வருஷத்துல இப்பதான் ஒழுங்காத் தைச்சிருக்கேன்."

"திங்கக்கிழமை நான் என்னத்தப் போட்டுக்கிட்டுப் போறது?"

"திங்கக்கிழமை டாக்டர் வர்ற நாளு. முன்பக்கம் கட்டற அங்கி இருபது தைச்சு அங்க குடுத்திருக்கேன். எல்லா அளவுக்கும் சேரும்."

வீட்டுக்காரர் கரி வாங்கி வருகிறேன் என்று வெளியே போனார். அவருடைய இஸ்திரிப் பெட்டி மின்சாரத்தில் ஓடுவது. கண்டக்டரம்மா வெட்டுத்துணி மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். மாட்டாத பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு, பேருந்தில் ஒருநாளும் கேட்காத சின்னக் குரலில், "எத்தனை மணிக்குப் போகணும்?" என்றாள்.

திங்கட்கிழமை மருத்துவமனையில் ஊசி குத்திச் சதைத் துணுக்கு எடுத்தார்கள். அதைச் சோதிக்கும் வசதி நகரத்தில்தான். வழக்கமான வழியில் அனுப்பினால் முடிவு வர ஐந்து வாரம் ஆகும் என்று டாக்டர் சொன்னார். அதுவரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவள் சட்டென்று நிமிர்ந்தாள். உள்ளே இருந்த கண்டக்டர் விழித்துக்கொண்டாள்.

"அஞ்சு வாரமா? எங்க காலை ஆறு மணி வண்டி சாயங்காலம் அங்க நிக்குது டாக்டர்!"

அப்படித்தான் அந்தச் சின்னப் புட்டி, பஞ்சு வைத்த டப்பாவுக்குள் உட்கார்ந்து, டிரைவர் இருக்கைக்குப் பக்கத்தில் பயணம் போனது. மீசை டிரைவர் டப்பாவைத் தூக்கிப் பார்த்து, "என்னம்மா இது, தேனா?" என்று கேட்டார். "என் உடம்புல ஒரு துண்டு" என்றாள் கண்டக்டரம்மா. அவர் முகம் போன போக்கைப் பணிமனையே பேசியது. அன்று அவர் ஒரு பள்ளத்தில்கூடச் சக்கரத்தை இறக்காமல் ஓட்டினாராம். வண்டிக்குள் ஒரு கைக்குழந்தை ஏறியதிலிருந்து இறங்கும்வரை விழிக்கவே இல்லையாம். எட்டாம் நாள் முடிவு அதே வண்டியில் திரும்பியது. புற்றுநோய்தான். இன்றைக்கும் அந்த ஊரிலிருந்து யாருடைய துணுக்கு போவதாக இருந்தாலும் ஆறு மணி வண்டியில்தான் போகிறது.

ஆறு தடவை மருந்து ஏற்றினார்கள், மூன்று வாரத்துக்கு ஒருமுறை. மூன்றாவது நாற்காலி அவளுடையது. முடி கொட்டியது, வாய் மட்டும் அப்படியே இருந்தது. பக்கத்து நாற்காலிக்காரி அழுதால், "அழுதா அடுத்த ஸ்டாப்புல இறக்கி விட்ருவேன்" என்பாள். பிறகு நகரத்தில் அறுவை. அது முடிந்து உடம்பு தேறியதும் இருபத்தைந்து நாள் கதிர்வீச்சு வைக்க வேண்டும். அந்த இயந்திரமும் நகரத்தில்தான். மருத்துவமனைக்குப் பின் தெருவில், வெளியூர் நோயாளிகள் தங்குவதற்கென்று நல்ல மனசுக்காரர்கள் சிலர் ஒரு வீடு நடத்தினார்கள். நாற்பது கட்டில். துணைக்கு டேப்பக்கா போனாள். காஜாவை மட்டும் வைத்துக்கொண்டு கடையை எப்படி நடத்துவது என்று வீட்டுக்காரர் முனகினார். முனகிக்கொண்டே பெட்டியைத் தூக்கிவந்து பேருந்தில் ஏற்றினார்.

போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில், துவைத்த துணியைக் காயப்போட டேப்பக்கா அந்த வீட்டு மொட்டைமாடிக்குப் போனாள். நாலு கொடி, நாலிலும் துணி. சட்டை, கவுன், வேலைக்காரிகளின் மேலங்கி, ஆலைத் தொழிலாளியின் நீலச் சீருடை. காற்றில் எல்லாம் அவள் பக்கம் திரும்பின.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. கண்ணுக்கு முன்பே கைக்குப் புரிந்தது. தானாக நீண்டு ஒரு கவுனின் அக்குளைத் திருப்பியது. அங்கே ஒரு பிடிப்பு. பழைய தையலைப் பிரித்து, முக்கால் அங்குலம் விட்டு, மறுபடி தைத்திருந்தது. அடுத்தது. வலப்பக்கம், ஓர் அங்குலம், உள்ளே ஒட்டுத்துணி. அடுத்தது. அடுத்தது. ஒவ்வொன்றும் வேறு வேறு ஊர்க் கை, வேறு வேறு நூல். ஒருத்தர் பட்டு நூலால் செய்திருந்தார், தடிப்புத் தெரியக்கூடாது என்று. ஒருத்தர் இரண்டு முறை பிரித்திருந்தார், ஒருத்தர் மூன்று முறை. எல்லாமே அழகான வேலை. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு சுருக்கம் தெரியாது.

டேப்பக்கா கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தான் ஒருத்திதான் செய்தோம் என்று அதுவரை நினைத்திருந்தாள்.

பக்கத்தில் ஒரு பெண் நீலச் சீருடையை உதறிக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் பயணம் செய்து வந்தவள், வரும்போதே கட்டி புண்ணாகியிருந்தது. டேப்பக்கா தையலையே பார்ப்பதைக் கவனித்துச் சிரித்தாள்.

"நல்லா இருக்குல்ல? எங்க ஊர்த் தையக்காரரு. ரொம்ப நல்ல மனுசன். நாலு தடவ பெருசு பண்ணிக் குடுத்தாரு, ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்த கேக்கல."

டேப்பக்கா வாளியை அங்கேயே வைத்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டாள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இருபத்தைந்து நாளும் முடிந்தது. ஊர் திரும்பிய வாரமே டேப்பக்கா, ஐந்து நாற்காலி அறையில் நர்ஸை வைத்துக்கொண்டு, ஊரிலுள்ள தையல்காரர்கள் பத்தொன்பது பேரையும் கூட்டினாள். வந்தவர்கள் ஏதோ மொத்தத் தையல் வேலை கிடைக்கிறது என்று நினைத்து வந்தவர்கள். விஷயத்தைக் கேட்டதும் பாதிப்பேர் எழுந்தார்கள்.

"பொம்பளைங்ககிட்ட இதப் போய் எப்படிம்மா பேசறது? அடி வாங்கவா?" என்றார் ஒரு பெரியவர்.

"பேச வேண்டாம். தைச்ச துணிய மடிக்கும்போது உள்ள ஒரு சீட்டு வைங்க. 'ஒரு பக்கம் மாறியிருக்கு, சிஸ்டரைப் பாருங்க.' அவ்வளவுதான்."

"சண்டைக்கு வந்தா?"

"துணி சுருங்கிப் போச்சுன்னு வர்ற சண்டைய விடவா பெருசு?"

சண்டை வரத்தான் செய்தது. ஒருத்தி துணியை முகத்தில் எறிந்தாள். இரண்டு வருடத்தில் பதினொரு பேர் சீட்டோடு மருத்துவமனைக்குப் போனார்கள். ஒன்பது பேருக்கு ஒன்றுமில்லை. இரண்டு பேருக்கு இருந்தது, அரை அங்குலமாக இருக்கும்போதே.

கண்டக்டரம்மா இப்போது பேருந்தில் ஏறுவதில்லை. பணிமனை முன்பதிவு ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறாள்; சில்லறை விஷயத்தில் முன்னைவிட மோசம் என்று கேள்வி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்டிவிட்டு வருகிறாள். டேப்பக்கா கடைக்கு யார் வந்தாலும், அளவெடுக்குமுன் ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் டேப்பைக் கழுத்திலிருந்து எடுக்கிறாள்: "எதிர்ல ஜன்னல்ல உட்கார்ந்திருக்காளே, அவ உசுர மூணு வருஷம் ஆபத்துல வெச்சவ நான். அவளுக்கே தெரியாம மறைச்சுத் தைச்சவ நான்."

இதுவரை எழுதியதை நான் அந்த மாடிப்படி அறையில் வாசித்துக் காட்டியபோது, புதுச் சட்டைக்கு அளவு கொடுக்க வந்து, கைகளை விரித்து நின்றுகொண்டிருந்த கண்டக்டரம்மா, "கடைசியில எழுதியிருக்கறது தப்பு" என்றாள்.

டேப்பக்கா வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளோடு நிமிர்ந்தாள்.

"எனக்குத் தெரியாமன்னு இருக்குல்ல, அத அடிங்க. முதல் வருஷம் அக்கா டேப் வெக்கறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். எங்க பெரியக்கா இதே நோவுலதான் போனா. பதினோரு மணி நேரம் போறதும் வர்றதுமா அவள அலைய வெச்சு, பாதியில முடியாம வீட்டோட விட்டுட்டோம். தெரிஞ்சு எங்க போறது? ஸ்டாப்பே இல்லாத எடத்துக்கு யாராவது டிக்கெட் கேப்பாங்களா? இங்க நாற்காலி போட்ருக்காங்கன்னு கேட்டப்புறமும் பயந்துக்கிட்டு மூணு வாரம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேனே, அது மட்டும் என் தப்பு. அக்கா எதையும் மறைக்கல. நான்தான் அக்காகிட்ட மறைச்சேன். இப்படி மாத்தி எழுதுங்க."